குதிரைக்கும் ஒரு மாமன் மகள்

முதலில் ஒரு விடுகதை. விடையை உடனே தேடாமல் கொஞ்சம் யோசியுங்கள்.

நாலு கால் உண்டு. வாசலைத் தாண்டி வந்ததில்லை. வேளைக்கு வேளை தீனி தின்னும். தோட்டத்தில் ஒரு புல் குறைந்ததில்லை. குட்டி போடும், தொட்டுத் தடவ முடியாது. அது என்ன?

இதை நான் என் மனைவி சந்திரகாந்தாவிடம்தான் முதலில் கேட்டேன். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே பதில் சொன்னாள்.

"நீங்கதான்."

"எனக்கு ஏது நாலு கால்?"

"நாக்காலிக்கு இருக்கே. அத விட்டு நீங்க எந்திரிச்சாத்தானே வேற வேறயா எண்ணலாம்."

"தீனி?"

"வேளைக்கு வேளை தின்னுறீங்க. தோட்டத்துல இதுவரைக்கும் ஒரு புல்லுப் புடுங்கினதில்ல. ரெண்டும் சரியாத்தானே இருக்கு?"

சரியான விடை கணினிக் குதிரை. ஆனால் அந்த வீட்டில் சரியான விடை யாருக்கு வேண்டும்?

விவரமாகச் சொல்கிறேன். அது இரண்டாயிரத்து ஆறாம் வருடம். எங்கள் ஊரான அலுவிகாரையில், வீட்டுக்குக் கணினி வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. டெலிபோன் வயரைக் கழற்றிக் கணினியில் செருகினால் இன்டர்நெட் வரும். இன்டர்நெட் வந்தால் டெலிபோன் வராது. இரண்டில் ஒன்றுதான். கைபேசி எங்கள் வீட்டை இன்னும் எட்டவில்லை. யுத்தம் நடந்த நாட்கள். பஸ்ஸில் போனவர் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தாரா என்று வீட்டுக்கு வீடு போன் அடித்துக் கேட்கிற காலம் வேறு. அதனால் அந்த ஒரு வயருக்காக நானும் என் மனைவியும் சண்டை பிடிக்காத நாள் கிடையாது.

எங்கள் மகள் அருந்ததிக்கு ஒன்பது வயது. அடுத்த வீட்டுப் பிள்ளை சொல்லித்தான் அவளுக்கு அந்தக் குதிரை விளையாட்டுத் தெரியவந்தது. பல நாட்டுப் பிள்ளைகள் இன்டர்நெட்டில் சேர்ந்து விளையாடுவது. தொடக்கத்தில் ஒரு பெண் குதிரை தருவார்கள். அதற்குத் தீனி போட்டு, உடம்பு தேய்த்து, ஓடப் பழக்கி, இன்னொரு பண்ணையின் ஆண் குதிரையோடு சேர்த்துக் குட்டி எடுத்து, அந்தக் குட்டியைப் பந்தயத்தில் விடவேண்டும். பண்ணை அருந்ததியின் பெயரில் இருந்தது. குதிரையின் பெயர் மல்லி. நான் வெறும் கங்காணி.

சம்பளத்துக்கு நான் பார்க்கும் கந்தோர் வேலை, அதாவது ஆபீஸ் வேலை, வேறு. ஆனால் இருபத்திரண்டு வருடமாக ஒரு பத்திரிகையின் சிறுவர் பக்கத்துக்கு எழுதி வருகிறேன். பட்டம் கட்டுவது எப்படி, மைக்கறை போக்குவது எப்படி என்று படிப்படியாகச் சொல்லிக்கொடுப்பேன். 'கணினிக் குதிரை வளர்ப்பு: புதிதாகத் தொடங்குவோருக்குப் பத்து அறிவுரைகள்' எழுதித் தருவதாக ஆசிரியருக்குக் கடிதம் போட்டேன். போட்ட பிறகுதான் விளையாடத் தொடங்கினேன்.

முதல் அறிவுரை: 'குதிரைக்கு வயிறு நிறையத் தீனி போடவும்.' போட்டேன். மல்லிக்கு உடம்பு பெருத்துவிட்டது. வெட்டிவிட்டு, 'அளவோடு போடவும்' என்று திருத்தினேன். இரண்டாவது: 'இடைவிடாமல் ஓடப் பழக்கவும்.' பழக்கினேன். மல்லியின் பலத்தைக் காட்டும் பச்சைக் கோடு மஞ்சளாகி, சிவப்பாகி, ஒரு நகத்தளவுக்கு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துச் சந்திரகாந்தா துடைப்பத்தோடு வந்தாள்.

"அந்த மாடு ஏன் இப்புடி நிக்குது?"

"மாடில்ல. குதிர."

"எதா இருந்தாலும் களைச்சிப்போச்சி. படுக்க விடுங்க."

"ஒனக்கென்ன தெரியும்?"

"எங்கப்பா எல்கடுவத் தோட்டத்துல பதினோரு மாடு வளத்தாரு. ஒங்கப்பா என்னா வளத்தாரு?"

"என்னை."

"அதான்."

அவள் போன பிறகு மல்லியைப் படுக்கப் போட்டேன். மறுநாள் கோடு பச்சையாகிவிட்டது. 'களைத்த குதிரைக்கு ஓய்வு கொடுக்கவும்' என்று எழுதிக்கொண்டேன். யார் சொன்னது என்று எழுதவில்லை.

அடுத்தது குட்டி. நான் பொறுப்பேற்கும் முன்பே, அருந்ததி கண்ணில் பட்ட பட்டனை அழுத்தி, ஏதோ ஒரு நாட்டுச் சிறுமியின் குதிரையோடு மல்லியைச் சேர்த்து ஒரு குட்டி எடுத்திருந்தாள். அதற்குப் பப்பாளி என்று பெயரும் வைத்திருந்தாள். குலம் கோத்திரம் ஒன்றும் பார்க்கவில்லை. இப்படியா ஒரு சம்பந்தம் செய்வது?

இரண்டாவது குட்டியை நான் முறையாகச் செய்தேன். ஒவ்வொரு குதிரைக்கும் பாட்டன் பூட்டன் வரை வம்ச அட்டவணை இருக்கிறது. நூற்றுப்பதினேழு ஆண் குதிரைகளின் அட்டவணையைக் கொப்பியில் வரைந்து பார்த்தேன். நூற்றுப்பதினெட்டாவது குதிரையில் என் பென்சில் நின்றுவிட்டது. மல்லியின் அப்பாவும் இந்தக் குதிரையின் அம்மாவும் அண்ணன் தங்கை. மறுபடி கோடு போட்டுப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. மல்லி அதற்கு மாமன் மகள்! அது மல்லிக்கு அத்தை மகன்! கடலுக்கு அப்பால் எங்கோ ஒரு பண்ணையில், உரிமை மாப்பிள்ளை ஒருவன் மாமன் மகளுக்காகப் புல் தின்றுகொண்டு காத்திருக்கிறான்!

பட்டனை அழுத்தினேன். ஒரு சிவப்புப் பெட்டி வந்தது. 'இவை இரண்டும் நெருங்கிய உறவு. கட்டாயம் தொடர விரும்புகிறீர்களா?' என்று ஆங்கிலத்தில் கேட்டது.

எனக்குச் சிரிப்பு வந்தது. நெருங்கிய உறவு என்பதால்தானே ஐயா தொடர்கிறேன்! இதை எழுதிய வெள்ளைக்காரனுக்கு மாமன் உரிமையைப் பற்றி யார் சொல்லிக்கொடுப்பது? நானே என் மாமன் மகளைத்தான் கட்டியிருக்கிறேன். எல்கடுவப் பொன்னையா மாமா என் அம்மாவின் அண்ணன், சந்திரகாந்தாவின் அப்பா. எங்கள் கல்யாணத்தில் எந்தப் பெட்டியும் வந்து எதையும் கேட்கவில்லை.

'ஆம்' என்பதை அழுத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை குட்டி பிறக்கும் என்று விளையாட்டில் காட்டியது. எத்தனை மணிக்கு என்று காட்டவில்லை. ஒன்பது மணிக்கே வயரைச் செருகிவிட்டு உட்கார்ந்தேன். பன்னிரண்டு மணிக்குப் பிறந்தது. மண்ணிறம். நெற்றியில் வெள்ளைக் கோடு. இடிமின்னல் என்று பெயர் வைத்தேன். வைத்து முடிக்கவில்லை, வேலிக்கு அப்பாலிருந்து அடுத்த வீட்டு ஹமீமாவின் குரல் கேட்டது.

"சந்திரகாந்தா! ஓங்கட போனுக்கு என்னா? எல்கடுவயில ஈந்து ஓங்கட நானா மூணு மணித்தியாலமா அடிக்கிறாராம். அடிச்சி அடிச்சி அலுத்துப்போய் எங்கட ஊட்டுக்கு எடுத்தார்."

"மாடசாமி அண்ணனா? என்னா சொன்னிச்சி?"

"மாடு கண்டு போட்டீக்கிதாம். ஓங்களுக்குன்னு சீம்பால் எடுத்து வெச்சாராம். பதினொரு மணி பஸ்ல குடுத்து அனுப்பவா, எறக்கிக்க ஆள் வருமான்னு கேக்கத்தான் அடிச்சாராம். பதிலே இல்லாத்தால பக்கத்து லயத்து வீட்டுக்குக் குடுத்திட்டாராம்."

சந்திரகாந்தா உள்ளே வந்தாள். வயரைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நம்ம வீட்டு மாடு கண்டு போட்டிருக்கு. எனக்குத் தெரியாது. ஊரு பேரு தெரியாத குதிர குட்டி போடுறத நீங்க மூணு மணித்தியாலம் ஒக்காந்து பாத்திருக்கீங்க."

"ஊர் பேர் தெரியாத குதிரை இல்ல காந்தா. இது முறையான சம்பந்தம்..."

"சீம்பால் குடுக்குமா?"

வயரைக் கழற்றி டெலிபோனில் செருகினேன்.

என் துயரம் அதோடு முடியவில்லை. அன்று மாலை குட்டிகளின் விவரங்களை ஒப்பிட்டுப் பார்த்தேன். பப்பாளியின் வேகம் எழுபத்தொன்று. இடிமின்னலின் வேகம் இருபத்திரண்டு. கீழே பொடி எழுத்தில் காரணம் போட்டிருந்தது: பெற்றோர் நெருங்கிய உறவு என்பதால் திறன் குறைவு. அந்தச் சிவப்புப் பெட்டி கேலிக்கு வந்ததல்ல.

இருபத்திரண்டு வருடத்தில் பிள்ளைகளுக்கு நான் பிழையாக ஒன்றும் சொல்லிக்கொடுத்ததில்லை. மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு ஏழாம் அறிவுரையை எழுதினேன். 'நெருங்கிய உறவுக்குள் சேர்க்காதீர்கள். பிறக்கும் குட்டி மந்தமாக இருக்கும்.' மீதி மூன்றையும் முடித்து, நல்ல பிரதி எடுத்து, திங்கட்கிழமை காலையில் தபாலில் சேர்த்துவிட்டேன். கொப்பியை மேசையில் விட்டுவிட்டுக் கந்தோருக்குப் போனேன். அதுதான் பதினோராவதாக எழுதியிருக்க வேண்டிய அறிவுரை.

மாலையில் வீடு திரும்பியபோது கொப்பி சந்திரகாந்தாவின் கையில் இருந்தது.

"ஏங்க, இங்க வாங்க. இது என்னாங்க?"

"அறிவுரை."

"ஏழாவத வாசிங்க."

வாசித்தேன். பாதியில் என் குரல் தானாகவே சிறுத்துப்போனது.

"நீங்க எனக்கு யாரு?"

"புருஷன்."

"அதுக்கு முந்தி?"

"அத்தை மகன்."

"அருந்ததி யாருக்குப் பொறந்தா?"

"காந்தா, இது குதிரைக்கு எழுதினது."

"யாருக்குன்னு கேட்டேன்."

"நமக்கு."

"அப்ப, தங்கச்சி மகன்னு நம்பி எங்கப்பா என்னைய ஒங்களுக்குக் குடுத்தது மந்தப் புள்ள பெத்துக்கவா?"

"யாரு மந்தம்? அவ வகுப்புல ரெண்டாம் புள்ள!"

"அது எங்க பக்கத்து ரெத்தம்."

"ஒங்க பக்கமும் எங்க பக்கமும் ஒரே பக்கந்தானே!"

"சந்தோசம். இப்பத்தான் நெனப்பு வந்திச்சாக்கும்."

பக்கத்து அறையில் அருந்ததி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பென்சில் சத்தம் எப்போதோ நின்றிருந்தது.

சந்திரகாந்தா கொப்பியை மூடினாள்.

"வர்ற ஞாயித்துக்கெழம புதுசா சேந்த பண்ணைங்களுக்குப் பந்தயமாமே?"

"ஆமா. பண்ணைக்கு ஒரு குதிரை. நேத்துப் பொறந்த குட்டியும் ஓடலாம்."

"நம்ம பண்ணக் குதிர ஜெயிச்சா வயரு ஒங்களுக்கு. நான் வாயே தொறக்கமாட்டேன். தோத்தா வயரு அலுமாரிக்குள்ள, சாவி என் இடுப்புல. எங்கண்ணன் அடிச்சா எனக்குப் போன் அடிக்கணும்."

"சரி."

"அவசரப்படாதீங்க. இடிமின்னல் ஜெயிச்சிச்சின்னா நீங்க பேப்பருக்குப் பொய் எழுதியிருக்கீங்க. எழுதினது உண்மன்னா இடிமின்னல் தோக்கும், வயரு போகும். எது வேணும்?"

இரண்டு பக்கமும் கதவைச் சாத்திவிட்டதாக அவள் நினைத்துக்கொண்டாள். அவள் பப்பாளியை மறந்துவிட்டாள். உறவில்லாத இடத்துக் குட்டி. பப்பாளி ஓடி ஜெயித்தால் வயரும் எனக்கு, அறிவுரையும் உண்மை. முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு கேட்டேன்.

"எந்தக் குதிரைய விடுறதுன்னு யாரு முடிவு பண்றது?"

"பண்ண யாரு பேருல இருக்கு?"

"அருந்ததி பேருல."

"அப்ப அவ சொல்லட்டும். ஞாயித்துக்கெழம நீங்களும் வாயத் தொறக்கக்கூடாது, நானும் தொறக்கமாட்டேன்."

"சம்மதம்!" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

அந்த வாரம் முழுக்க நான் என் அறிவுரைகளை நானே கேட்டு நடந்தேன். பப்பாளிக்கு அளவான தீனி. அளவான ஓட்டம். களைத்தால் ஓய்வு. வெள்ளிக்கிழமை வேகம் எழுபத்தொன்பது. பந்தயத்துக்குப் பெயர் கொடுத்த அத்தனை குதிரைகளையும் பார்த்துவிட்டேன். பப்பாளியை நெருங்க ஒன்றும் இல்லை. இடிமின்னல் ஓடினால் கடைசி இடம் நிச்சயம். இதையெல்லாம் அருந்ததிக்கும் பொறுமையாக விளக்கினேன். எழுபத்தொன்பதிலிருந்து இருபத்திரண்டைக் கழிக்கச் சொன்னேன். ஐம்பத்தேழு என்று சரியாகச் சொன்னாள். பப்பாளி அவளுடைய சொந்தக் குட்டி. முதல் தீனி எப்போதும் அதற்குத்தான். எனக்கு ஒரு கவலையும் இல்லை.

சந்திரகாந்தா அந்த வாரம் குதிரையைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தோல்வியை ஏற்றுக்கொண்டுவிட்டாள் என்று நினைத்து, எனக்கு அவள் மேல் இரக்கம்கூட வந்தது.

ஞாயிறு காலை அருந்ததி கணினிக்கு முன்னால் உட்கார்ந்தாள். திரையில் இரண்டு படங்கள். இடப்பக்கம் பப்பாளி, வலப்பக்கம் இடிமின்னல். நான் பின்னால் நின்றேன். குசினியில் தேங்காய் துருவும் சத்தம். நான் வாயைத் திறக்கவில்லை. விரலை மட்டும் மெதுவாகப் பப்பாளியின் பக்கம் நீட்டினேன்.

"அப்பா, கையும் பேசக்கூடாதாம். அம்மா சொன்னாங்க."

விரலை மடக்கிக்கொண்டேன்.

"இடிமின்னல யாருமே வேணாங்கிறாங்களாமே?"

நான் வாயைத் திறக்கவில்லை.

"நேத்து தல பின்னும்போது அம்மா சொன்னாங்க. அதோட அம்மா அதோட அப்பாவுக்கு மாமன் மகளாம். நம்ம வீடு மாதிரியேவாம். அதனாலதான் அத மந்தம்னு நீங்க பேப்பருக்கு எழுதினீங்களாம்."

நேற்று சனிக்கிழமை. ஒப்பந்தம் ஞாயிற்றுக்கிழமைக்குத்தான்.

"நெசமா அப்பா?"

பிள்ளைகளுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அருந்ததி திரும்பி இடிமின்னலின் நெற்றிக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். குசினியில் தேங்காய்ச் சத்தம் நின்றது. அறைக்குள் அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது.

அருந்ததி இடிமின்னலைத் தெரிவு செய்தாள்.