முறை தெரியாமல் டிக்கெட் இல்லை

தென்காசி வட்டாரத்தில் யாரும் யாருக்கும் அந்நியர் இல்லை என்று சாதிப்பதற்காகவே ஒரு மனிதர் பிறந்திருந்தார். சாதித்தும் காட்டினார். அதனால் பஸ் தினமும் அரை மணி நேரம் தாமதமாகப் போனது என்பதுதான் ஒரே குறை.

தென்காசியிலிருந்து குற்றாலம் வழியாகச் செங்கோட்டை போகும் தனியார் பஸ்ஸில் அவர் கண்டக்டர். சொந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை. ஊருக்கே அவர் 'முறைக்காரர்'. ஏறுகிற ஆள் தனக்கு அண்ணனா, மாமனா, மச்சானா என்று தீர்மானமாகாமல் அவர் கையால் ஒரு டிக்கெட்டும் கிழிந்தது கிடையாது. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், தமிழ் பேசுகிறவர், மலையாளம் பேசுகிறவர், வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிறவர் என்ற பேதமெல்லாம் அவரிடம் செல்லாது. ஒருமுறை வைத்த முறையைப் பத்து வருஷம் கழித்து ஏறினாலும் மறக்க மாட்டார்.

அந்தக் காலத்தில் புது ஆளைப் பார்த்தால் "நீங்க என்ன ஆளுக?" என்று சாதியைச் சுற்றி வளைத்துக் கேட்பது வழக்கம். அவரிடமும் ஒருவர் கேட்டார்.

"நான் உமக்கு மாமன் முறைவே. அதுக்கு மேல என்ன தெரியணும்?" என்று விசிலை ஊதிவிட்டார். கடைசிவரை அவர் என்ன ஆள் என்று யாருக்கும் தெரியவில்லை. இது தெரியாமல் எங்கள் ஊரில் சிலருக்குத் தூக்கமே வரவில்லை.

குற்றாலத்தில் பங்களா வைத்திருந்த கடையத்து மிராசுதார் ஒருவர். அங்கவஸ்திரம், வெள்ளிப்பூண் தடி, முகத்தில் எப்போதும் ஒரு கடுகடுப்பு. கார் பழுதாகிப் பஸ் ஏற வந்தவரை முறைக்காரர், "வாரும் மச்சான்" என்று வரவேற்றார்.

"யாரப் பாத்துடா மச்சாங்கே?"

"பிடிக்கலையா? சரி, சித்தப்பாவா இரியும். ஒறவு இல்லாத ஆளுக்கு இந்த பஸ்ல எடம் கிடையாது."

மிராசுதார் இறங்கி ரோட்டில் நின்றார். சாரல் பிடித்துக்கொண்டது. அடுத்த பஸ் இரண்டு மணி நேரம் கழித்து. பஸ்ஸும் நகரவில்லை. பத்து நிமிஷம் நனைந்த பிறகு, "சித்தப்பாவாவே இருந்து தொலைக்கேன், விசிலை ஊதுடா" என்று ஏறிக்கொண்டார். அன்றிலிருந்து அவர் சித்தப்பாதான்.

இனி என் கதை. செங்கோட்டை அப்போதுதான் திருவிதாங்கூர்ப் பக்கத்திலிருந்து நம் பக்கம் வந்திருந்தது. அங்கே மலையாளத்தில் இருந்த பழைய பதிவேடுகளைத் தமிழில் எழுதி வைக்க அனுப்பப்பட்ட குமாஸ்தா நான். எனக்குத் தெரிந்த மலையாளம் 'சாயா' என்ற ஒரு சொல்தான். தென்காசியில் எங்கள் ஹெட்கிளார்க் வீட்டு மாடியில் குடியிருந்தேன். ஹெட்கிளார்க் முறைக்காரருக்கு ஏற்கெனவே தம்பி. "தம்பி வீட்டுப் பிள்ளைன்னா எனக்கு மகம்லே" என்று முதல் நாளே என் தலையெழுத்தை எழுதிவிட்டார்.

குற்றாலத்தில் அன்னம்மா ஏறுவாள். புனலூர் மலையாளக் கிறிஸ்தவப் பெண், செங்கோட்டையில் டீச்சர். படிக்க முடியாத வரிகளைத் துண்டுச் சீட்டில் பார்த்து வரைந்துகொண்டு வந்து அவளிடம் நீட்டுவேன். அவள் படித்து அர்த்தம் சொல்லி, "மனசிலாச்சா?" என்பாள். எனக்குப் பதிவேடு விஷயம் எதுவும் மனசிலாகவில்லை. வேறு விஷயம் நன்றாக மனசிலாயிற்று. அவளுக்கும்தான்.

இங்கேதான் சிக்கல். அன்னம்மாவை வேலையில் சேர்க்க அவள் 'அப்பச்சன்' என்று கூப்பிடும் அப்பா கூட வந்த நாளில் முறைக்காரர் அவரை "அண்ணே" என்று அழைத்திருந்தார். ஆகவே அன்னம்மா அவருக்கு மகள். நான் தம்பி பிள்ளை, அதனால் மகன். தினமும் பஸ்ஸில், "ஏட்டி மகளே, அண்ணனுக்குக் கொஞ்சம் எடம் விடு" என்பார். எனக்குக் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போல இருக்கும்.

விஷயம் தெரிந்ததும் சொந்த ஊரான கடையத்திலிருந்து என் அப்பா, "வேற மதத்துக்காரி, வேற பாஷைக்காரி, இந்த வாசலை மிதிக்காதே" என்று எழுதிவிட்டார். அன்னம்மாவின் அப்பச்சன் தனக்கு மகளே இல்லை என்று எழுதிவிட்டார். எங்களுக்காகப் பேச ஒரு பெரிய மனுஷர் வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே பெரிய மனுஷர் முறைக்காரர். அவருக்கு வேலை இல்லாத நாளில் குற்றாலம் மெயின் அருவிக்குக் கூட்டிப்போனேன். தனியாகப் பேசலாம் என்று நினைத்தது என் புத்தி.

அருவி இரைச்சலில் நான் சொன்னது அவர் காதில் விழவில்லை. "என்னலே?" என்றார். இன்னும் உரக்கச் சொன்னேன். "என்னது?" என்றார். மூன்றாவது தடவை, "நான் அன்னம்மாவைக் கட்டிக்கணும்!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன். எண்ணெய் வழிய நின்ற முப்பது பேர் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள்.

முறைக்காரர் தண்ணீரை விட்டு வெளியே வந்தார். மதத்தைச் சொல்வார், பாஷையைச் சொல்வார் என்று எல்லாவற்றுக்கும் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். அவரோ தலையில் கை வைத்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏலே பாவி, அவ ஒனக்குத் தங்கச்சிலே!"

"அது நீங்க வச்ச முறைதான பெரியப்பா? மாத்திருங்களேன்."

"சொல்லுத பேச்சப் பாரு! ஒன்ன மருமகனா மாத்தணும்னா ஒங்க ஹெட்கிளார்க்கு எனக்கு மச்சானாகணும். அவரை மாத்துனா பஸ்ல பாதிப் பேரை மாத்தணும்லே!"

மூன்று நாள் அவருக்கு முறைக் கணக்குதான் வேலை. டிக்கெட்டின் பின்புறத்தில் ஏதேதோ கோடு கிழித்துக்கொண்டிருந்தார். ஊர் பேர் சொல்லவும் விசில் ஊதவும் அவர் மறந்ததால் குற்றாலத்தில் இறங்க வேண்டியவர்கள் செங்கோட்டையில் இறங்கினார்கள். நான்காம் நாள் பஸ் நடுவில் நின்று உரத்த குரலில் அறிவித்தார்.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க. ஹெட்கிளார்க்கு இன்னையிலேருந்து எனக்கு மச்சான். இவன் எனக்கு மருமகன். ஏலே, இனிமே என்னைப் பெரியப்பாங்காத, மாமான்னு கூப்பிடு. பாய், நீரும் எனக்கு மச்சான், அவரும் மச்சான். அதனால நீங்க ரெண்டு பேரும் இனிமே சகலபாடி."

துணி மூட்டையோடு இருந்த கடையநல்லூர் பாய், "இந்த ஹெட்கிளார்க்கை நேத்து வரைக்கும் மச்சான்னு கேலி பண்ணிக்கிட்டு இருந்தேனே, இனிமே பண்ணக்கூடாதா?" என்று வருத்தப்பட்டார். ஹெட்கிளார்க்கின் மனைவி திடீரென்று தங்கச்சி ஆகிவிட்டதால், அந்தப் பொங்கலுக்கு முறைக்காரர் கரும்பும் மஞ்சள்குலையும் சுமந்துகொண்டு, பிறந்த வீட்டுச் சீராகப் பொங்கல்படி கொடுக்கப் போனார். அந்தம்மாளுக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. வாங்கிக்கொண்டு அழுதுவிட்டாராம்.

கல்யாணம் தென்காசியில், ரிஜிஸ்தர் ஆபீசில். நாங்கள் இருவர், சாட்சிக்கு ஹெட்கிளார்க்கும் பாயும். இன்னொரு சாட்சியான முறைக்காரரைக் காணோம். அன்னம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் யாரைத் தேடினாள் என்று எனக்குத் தெரியும். புனலூரிலிருந்து யாரும் வரப்போவதில்லை என்பதும் தெரியும்.

அப்போது வாசலில் பஸ் வந்து நின்றது. "பத்து நிமிஷம்தான், வீட்டுல கல்யாணம், எல்லாரும் எறங்குங்க" என்ற குரல் கேட்டது. கூடைக்காரிகள், அருவிக்குப் போகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள் என்று பஸ்ஸே உள்ளே வந்தது. கடைசியில் தடியை ஊன்றிக்கொண்டு கடையத்து மிராசுதார்.

"சித்தப்பா, கூட்டத்துல மூத்தவரு நீருதான். மாலைய எடுத்துக் குடும்."

"என்ன சாதி, என்ன மதம், ஒரு எழவும் தெரியல" என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் மாலையை எடுத்துக் கொடுத்தார். அன்னம்மா காலைத் தொட்டதும் முகம் கோணி, "நல்லா இரு தாயி" என்றார்.

பதிவாளர் முறைக்காரரைப் பார்த்து, "நீங்க பொண்ணுக்கு என்ன வேணும்?" என்றார்.

"சித்தப்பன்."

"மாப்பிள்ளைக்கு?"

"தாய்மாமன்."

பதிவாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். "ரெண்டு பேருக்குமா?"

"வேற யாரும் வரலல்லா சார்? நாந்தான ரெண்டு பக்கமும் நிக்கணும்" என்றார் முறைக்காரர். காக்கிச் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போய் நீளமாக ஒரு விசில் ஊதினார். கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் ஓடிப்போய்ப் பஸ் ஏறினார்கள்.

அதற்குப் பிறகும் கடையத்து அப்பாவும் வரவில்லை, புனலூர் அப்பச்சனும் வரவில்லை. பிற்பாடு எங்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பனங்கற்கண்டுப் பொட்டலத்தோடு வந்து, "ஏட்டி பேத்தி" என்று வாசலில் நின்று கூப்பிட ஒருவர் இருந்தார். தாத்தா என்றால் காக்கிச் சட்டை போட்டிருப்பார் என்றுதான் அவள் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தாள். நாங்களும் திருத்தவில்லை.