கோல் விழுந்த காது

ஒத்துக்கொள்கிறேன். என் அக்கா மகள் யாழினியின் வலது காதுத் துளை ஒரு உயரத்திலும் இடது காதுத் துளை இன்னொரு உயரத்திலும் இருப்பதற்கு ஆசாரி காரணமில்லை. நான்தான் காரணம். நானும் இந்தியக் கால்பந்து அணியும்.

அப்போது அவளுக்கு மூன்று வயது. காதுகுத்து இரண்டு முறை தள்ளிப்போயிருந்தது, இரண்டு முறையும் எனக்கு லீவு கிடைக்காததால். கப்பலூரில் ஒரு கம்பெனியில் நான் சூப்பர்வைசர். (உலகமே என் மேற்பார்வையில்தான் சுற்றுகிறது என்ற நினைப்பு வேறு.)

"சீரு செனத்தி எதுவும் வேணாம்டா. ஒத்தத் தம்பி நீ, ஒன் மடியிலதான் எம்பிள்ளைக்குக் காது குத்தணும்" என்று அக்கா ஒரே பிடிவாதம்.

மூன்றாவது முறை லீவு கிடைத்தது. பாழாய்ப்போன அதே நாளில், நான்கு நாடுகள் ஆடிய ஒரு நட்புக் கோப்பையின் கடைசி ஆட்டத்துக்கு இந்தியா வந்து நின்றது. ஆட்டம் கிழக்கே எங்கோ ஒரு தீவில். அங்கே சாயங்காலம் என்றால், நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் குலசாமி கோயிலில் சரியாக முகூர்த்த நேரம். நட்புப் போட்டிதான், ஜெயித்தாலும் தோற்றாலும் ஒன்றும் குடிமுழுகிவிடாது. ஆனால் ஊரே கிரிக்கெட் பார்க்கும்போது தனியாகக் கால்பந்து பார்த்து வளர்ந்தவனுக்கு அது புரியுமா?

தாய்மாமனுக்குத் தலைப்பாகை கட்டினார்கள். காதுகள் மறைந்தன. உள்ளே ஒரு காதில் இயர்பட்ஸ், அதில் கமென்ட்ரி. (என் அறிவை நானே மெச்சிக்கொண்டேன்.)

மொட்டைத் தலையில் சந்தனத்தோடு யாழினி என் மடியில். வலது காது குத்தியதும் வீறிட்டு அழுதவள், என் கட்டைவிரலை இறுகப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "மாமா, இன்னொண்ணும் வலிக்குமா?"

"மாமா இருக்கேன்ல. அசையாம ஒன்னயப் பிடிச்சுக்கிறேன் பாரு."

ஆசாரி இடது காதில் மைப்புள்ளி வைத்தார். "அசையக் கூடாது தம்பி" என்று என்னிடம்தான் சொன்னார். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. கடைசி நிமிடம். இந்தியாவுக்குக் கார்னர். பந்து வருகிறது, ஒருவன் தலையால் முட்டுகிறான்...

"கோல்!"

எழுந்தே விட்டேன், குழந்தையோடு. ஊசி புள்ளிக்கு அரை நெல் கீழே இறங்கியது. என் கத்தலைக் கேட்டு எல்லாம் நல்லபடியாக முடிந்ததென்று நினைத்த மேளக்காரர் வெளுத்து வாங்கினார். தலைப்பாகை அவிழ்ந்து, இயர்பட்ஸ் உருண்டு ஆசாரியின் தட்டில் விழுந்தது.

அக்கா அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஒன் மடிக்காகத்தானடா ரெண்டு தடவ தள்ளிவச்சேன்!" சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

செத்துவிடலாம் போலிருந்தது. கோயிலுக்குப் பின்னால் போய் நின்றேன். அக்கா வீட்டுக்காரர் பின்னாலேயே வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "மாப்ள, செயிச்சிட்டமா?" என்றார் மெதுவாக.

போனைப் பார்த்தேன். "ஃபவுலாம் மச்சான். கோலு செல்லாதாம்."

"அடப்பாவி! செல்லாத கோலுக்கா எம்புள்ள காதக் கோணலாக்குன?"

கிடா விருந்தில் ஓரமாக உட்கார்ந்தேன். இலையில் சோற்றை அளைந்துகொண்டிருந்தேன். யாழினி வந்தாள். எதுவுமே நடக்காததுபோல் என் மடியில் ஏறி உட்கார்ந்தாள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பார்த்துக்கொண்டிருந்த அக்கா, என் இலையில் ஒரு நல்லி எலும்பை வைத்து, "தின்னு, எரும" என்றாள்.

அதிலிருந்து, டிவியில் இந்தியாவுக்குக் கார்னர் என்றால் எங்கள் வீட்டில் அத்தனை பேரும் காதைப் பொத்திக்கொள்வார்கள்.

போன மாதம் அக்காவின் இரண்டாவது மகளுக்குக் காதுகுத்து. என் மடியை இனி யார் கேட்கப்போகிறார்கள் என்றிருந்தேன். அக்கா கேட்டாள். தலைப்பாகை கட்டி, பாப்பாவை மடியில் வைத்து, ஆசாரி ஊசியை எடுத்தபோது, "இருங்க" என்று ஒரு குரல்.

பத்து வயது யாழினி, ஏறியும் இறங்கியும் தொங்கும் கம்மல்களோடு முன்னால் வந்தாள். உறவுக்காரர்கள் எல்லோரும் பார்க்க, என் தலைப்பாகையைத் தூக்கி, இரண்டு காதுக்குள்ளும் எட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்ல. குத்துங்க" என்றாள் ஆசாரியிடம்.

சொல்லிவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்து, கட்டைவிரலை இறுகப் பிடித்துக்கொண்டாள். நான் எழுந்துவிடக் கூடாதாம்.