பூனைக்குப் பாதி டியூப்

எங்கள் வீட்டில் வைத்தியம் என்றாலே பாதி மாத்திரைதான். பெரியவருக்கு முழுசு, சின்னவருக்குப் பாதி. எழுதிக் கொடுத்த டாக்டரே வந்து தடுத்தாலும் கேட்க மாட்டோம். (இதில் எனக்கு மட்டும் கெட்ட பெயர் என்றால், இது எந்த ஊர் நியாயம்?)

அப்போது கல்யாணமாகி ஆறு மாதம். சேக்காட்டில் மாமியார் வீடு. நான் அம்மா வீட்டிலிருந்து கூட்டி வந்த நாய் ராஜு. அத்தை பிள்ளை மாதிரி வளர்த்த பூனை பொன்னி. இரண்டுக்கும் உடம்பெல்லாம் உண்ணி. "இவ நாய் வந்துதான் என் பொன்னிக்கு ஒட்டிக்கிச்சு" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு, அத்தை பூந்தமல்லிக்கு ஒரு வளைகாப்புக்குப் போனார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் திரும்புவதற்குள் பூனை மேல் ஒரு உண்ணி இருக்கக்கூடாது!

கடையில் நாய்க்கான சொட்டு மருந்து வாங்கினேன். பிடரியில் ஊற்ற வேண்டும். ராஜுவுக்கு முழு டியூப். பொன்னி சின்னவள், ஆகவே பாதி. அட்டைப்பெட்டியில் பூனைப் படம்கூட இருந்தது, அதன் மேல் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. உண்ணி ஒழிந்த பூனை என்று அர்த்தம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். (பி.காம்., முதல் வகுப்பு.)

மதியம் பொன்னிக்கு வாயில் நுரை தள்ளியது. உடம்பு வெடவெடவென்று உதறியது. துணிப்பையில் அவளைப் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஆவடிக்கு ஓடினேன்.

"எவ்ளோ ஊத்துனீங்க?" என்றார் டாக்டரம்மா.

"பாதிதான் மேடம்."

"பாதி விஷம்னா பரவாயில்லையா? நாய் மருந்து பூனைக்கு ஆகாதுன்னு படமே போட்டிருக்கே!"

ஊசி போட்டார். பாத்திரம் கழுவும் சோப்பால் மருந்தைக் கழுவச் சொன்னார். கழுவிக்கொண்டே ஓவென்று அழுதேன். கணவருக்கு ஃபோன் செய்தால், அந்தப் புண்ணியவான் நேராகத் தன் அம்மாவிடம் சொல்லிவிட்டார்.

பட்டுப்புடவையும் கை நிறைய வளையலுமாக அத்தை வந்து இறங்கினார். "என் கொயந்தய இன்னாடி பண்ணிகீற?"

மூன்றாம் நாள்தான், கிளினிக்கில், உதறல் நின்று பொன்னி தலையைத் தூக்கினாள். அத்தையும் நானும் கட்டிப்பிடித்து அழுதோம். அடுத்த நிமிஷமே அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டாக்டரம்மா, பொன்னியோட சீட்டுல ஒண்ணு எய்தி வெச்சிடும்மா. தமிழ்லயே எய்து, எல்லாருக்கும் புரியட்டும்" என்றார். டாக்டரம்மாவும் எழுதிவிட்டார், சிவப்பு மையில்!

பொன்னி இன்றைக்கும் ஜம்மென்று இருக்கிறாள். உண்ணி மருந்து, பூச்சி மாத்திரை எல்லாம் இப்போது எடை பார்த்து, நாய்க்குத் தனி, பூனைக்குத் தனி. ஆனால் அந்தச் சீட்டை மட்டும் அத்தை மாற்ற விடுவதில்லை. போன மாதம், கிளினிக்கில் காத்திருந்த கூட்டத்தின் நடுவே, ஒன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு முழு வாக்கியத்தை எழுத்துக்கூட்டித் தப்பில்லாமல் படித்தாள்: "மரு... மகள்... கையில்... மருந்து... தர... வேண்டாம்."

அத்தை கை தட்டினார். கூட்டமே தட்டியது. பெற்றவளாயிற்றே, நானும் தட்டித் தொலைத்தேன்.