ஆயுத பூஜை அன்னிக்கு நான் துப்பறிஞ்ச கதை

நேத்து எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். திருவள்ளூர்ல ஒரு பெரிய வீட்டுக்குப் போய், அங்க இருக்கற பழைய புத்தகங்களுக்கு லிஸ்ட் எழுதணும்.

நான் ஒரு காலேஜ்ல லைப்ரரியன். அந்த வீட்டு ஓனருக்கு தேர்வாய் கண்டிகையில கம்பெனி. அவரோட அப்பா சேர்த்து வச்ச புத்தகம் ரெண்டு பீரோ நிறைய இருக்கு. அதுல ஒரு பழைய சித்த மருத்துவப் புத்தகம்தான் ராஜா. வேற எங்கயும் பிரதியே இல்லையாம். அதைப் பார்க்கறதுக்குன்னே சாயங்காலம் ஒரு புரொஃபசர் மெட்ராஸ்ல இருந்து வர்றார்.

டிரைவர் தாஸ் அண்ணன் காலையிலயே ஸ்டேஷனுக்கு வந்து கார்ல கூட்டிட்டுப் போனாரு. வீட்டுல இட்லி குடுத்தாங்க. சாப்பிட்டுக்கிட்டே எழுதினேன். பதினோரு மணிக்கு சரி பார்த்தா, ராஜாவைக் காணோம்!

அந்த ரூம்ல இருந்தது நான் ஒருத்தன்தான். தொலைஞ்சா யார் தலை உருளும்?

வாயை மூடிக்கிட்டு நிதானமா தேடியிருக்கணும். ஆனா பஸ் ஸ்டாண்ட் கடையில தொங்கற துப்பறியும் நாவலை எல்லாம் கரைச்சுக் குடிச்சவனாச்சே நான்! சும்மா இருப்பேனா?

"சார், யாரும் வெளிய போகக் கூடாது!"ன்னு கத்தினேன்.

ஓனர் ஓடி வந்தாரு. "இன்னாபா சொல்ற? ஊட்டுக்குள்ளயே திருடனா?"

"ஆமா சார். தெரிஞ்ச ஆளுதான்."

சொல்லிட்டு, கையைப் பின்னால கட்டிக்கிட்டு ஹால்ல நாலு நடை வேற நடந்தேன். இப்ப நினைச்சா வெக்கமா இருக்கு.

முதல்ல சமையல்காரம்மாவை விசாரிச்சேன். "எனக்குப் படிக்கவே தெரியாது நைனா. சுண்டல் தீயுது, வுடு!"ன்னு போயிட்டாங்க.

அடுத்தது தாஸ் அண்ணன். காலையில ரூம் வாசல்ல வந்து எட்டிப் பார்த்துட்டுப் போனவரு. கார் டிக்கியைத் திறக்கச் சொன்னேன். உள்ள பேப்பர் சுத்தின பொட்டலம்!

"பிரிங்க!"

"சார், அது வந்து..."

நானே பிடுங்கிக் கிழிச்சேன். போர்ட்டிகோ பூரா பொரி.

"பூஜைக்கு முதலாளியம்மா வாங்கியாரச் சொன்னாங்க சார்"ன்னாரு.

அப்பவும் நான் அடங்கலை. "நம்மள திசை திருப்பறாரு சார்!"னேன்.

ஓனர் முகமே மாறிடுச்சு. "தாஸு, எடுத்திருந்தா இப்பவே சொல்லிடு. இல்லன்னா சாவிய வச்சிட்டுப் போயிக்கினே இரு."

தாஸ் அண்ணன் பாக்கெட்டுல இருந்து கார் சாவியை எடுத்து நீட்டினாரு.

அப்ப பூஜை ரூம்ல இருந்து ஓனரோட சம்சாரம் வந்தாங்க. "இன்னாத்துக்கு இம்மாம் சத்தம்? எந்த புக்கைக் காணோம்?"

"பழுப்பு அட்டைம்மா. மேல மூலிகைப் படம் இருக்கும்."

"அதுவா? சரஸ்வதிகிட்ட வைக்க ஒரு புக்கு குடுன்னு உன்னாண்டதான கேட்டேன்? நாஷ்டா துன்னுக்கினே பீச்சாங்கையில எடுத்து நீட்டுனியே தம்பி! சாமிக்குப் போயி இந்தக் கையாலயான்னு திட்டுனேனே!"

திட்டு நல்லா ஞாபகம் இருந்துச்சு. எதை எடுத்துக் குடுத்தேன்னுதான் நான் பார்க்கவே இல்லை.

உள்ள போய்ப் பார்த்தா, ராஜா பட்டுத்துணி மேல உக்காந்திருக்காரு. அட்டையில மூணு சந்தனப் பொட்டு, அதுக்கு நடுவுல குங்குமம்!

"எடுத்துடலாமாம்மா?"

"தொட்டுடப் போற! நாளைக்கி விஜயதசமிக்குதான் எடுக்கணும்."

புரொஃபசர் வந்தாரு. தூர நின்னு கும்பிட்டாரு. சுண்டல் வாங்கிக்கிட்டுக் கிளம்பிட்டாரு.

ஓனர் சாவியைத் திரும்பக் குடுத்து, "மனசுல வச்சிக்காத தாஸு"ன்னாரு. நானும் மன்னிப்பு கேட்டேன். "பரவால்ல சார்"ன்னாரு தாஸ் அண்ணன். அதுக்கப்புறம் அவரே என்னை கார்ல ஸ்டேஷன்ல கொண்டு வந்து விட்டாரு.

நான் கார் கதவுல கை வச்சதும் திரும்பினாரு. "சார், எறங்கறதுக்கு முன்னாடி பைய ஒரு தபா நல்லா பாத்துக்கங்க. அப்பால எதுனா காணோம்னா, நான்தான் மாட்டுவேன்."

பார்த்தேன். எல்லாம் சரியா இருந்துச்சு, மானம் ஒண்ணைத் தவிர.