பாத்திரம் விழும் ஊர்

அன்பும் பண்பும் முக்கியமாகப் பொறுமையும் நிறைந்த மைத்துனர் அவர்களுக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். உன் அக்கா நலமா என்பதை அவளிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும். கேட்டால் பதில் வராது. அங்கு நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும், எங்களுக்காக மாடியில் நீ கட்டிக்கொண்டிருக்கும் அறையும் நலம் என்று நம்புகிறேன். எப்போதும் ‘டேய் மாப்பிள்ளே’ என்று ஆரம்பிக்கிறவன் இன்றைக்கு ‘அவர்கள்’ போடுகிறானே என்று உனக்குச் சந்தேகம் வந்திருக்கும். வந்தது நியாயம்தான். வாயைக் கொடுத்து வசமாக மாட்டிக்கொண்டேன், மாப்பிள்ளே.

“ரிடையர் ஆயிட்டீங்க, அக்காவை எங்கயாவது கூட்டிக்கிட்டுப் போயிட்டு வாங்க அத்தான்” என்று நீதானே ஒரு குசுகுசு கிராமத்தைச் சொன்னாய்? போனோம். ஊர் நீ சொன்னபடியேதான் இருக்கிறது. சுற்றிலும் பாறை, நடுவில் குளம், குளத்தைச் சுற்றி வட்டமாக வீடுகள். ஒரு கிண்ணத்துக்குள் ஊரை இறக்கி வைத்த மாதிரி. இந்தக் கரையில் மெதுவாகப் பேசினால் பேச்சு தண்ணீர் மேலே வழுக்கிக்கொண்டு போய் எதிர்க்கரையில் பளிச்சென்று கேட்கிறது. இந்த அதிசயத்தைக் கேட்கத்தான் ஆட்கள் வருகிறார்கள். கூட்டமெல்லாம் இல்லை, அன்றைக்கு எங்களோடு வந்தது புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடியும், காதில் கருவி மாட்டிய ஒரு பெரியவரும்தான். அவர் கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, “இந்த ஊர்ல இது வேண்டாம்” என்று சந்தோஷமாக நடந்தார்.

ஊரைச் சுற்றிக்காட்டும் வழிகாட்டி ரொம்ப மெதுவாகப் பேசினார். காலமெல்லாம் பஸ் நிலையத்தில் மைக்கைப் பிடித்து, வருகிற வண்டியையும் போகிற வண்டியையும் அறிவித்தவன் நான். என் காதுக்கு அது பொறுக்கவில்லை. “குரல் வயித்துல இருந்து வரணும் தம்பி. ஊர் பேருக்கு முன்னாடி கொஞ்சம் நிறுத்தணும். அப்பதான் தூங்குறவன்கூட எந்திரிப்பான்” என்று அவருக்கே பாடம் நடத்தினேன். நான் பாடம் நடத்திய நேரத்தில் அவர் மற்றவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். உன் அக்கா அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். எனக்கு என் குரலே இனிமையாக இருந்ததால் வேறெதுவும் காதில் ஏறவில்லை.

அவர் சொன்னது இதுதான். அங்கே எல்லார் பேச்சும் எல்லார் காதிலும் விழும். அதனால் ஊருக்கு ஒரு கட்டுப்பாடு. கேட்டதைக் கேட்டதாக யாரும் காட்டிக்கொள்ளக் கூடாது. யாராவது தெரியாத்தனமாக, வெளியே வரக்கூடாததைப் பேச ஆரம்பித்தால், கேட்கிறவர் ஒரு பாத்திரத்தைக் கீழே போடுவார். பேசுகிறவர் புரிந்துகொண்டு வாயை மூடிவிட வேண்டும். எவ்வளவு நாகரிகமான ஏற்பாடு பார்! இதில் ஒரு வார்த்தைகூடத் தெரியாமல் நான் முடிதிருத்தும் கடைக்குள் நுழைந்தேன். உன் அக்கா அந்நேரம் எதிர்க்கரையில், கூடை பின்னும் அம்மாவின் வீட்டு வாசலில் உட்கார்ந்து பின்னல் கற்றுக்கொண்டிருந்தாள்.

முடிதிருத்துபவர் என் கழுத்தில் துணியைக் கட்டிவிட்டு, “குடும்பத்தோட வந்தீங்களா?” என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார், பாவம். ரிடையர் ஆனதிலிருந்து வேலையில்லாமல் கிடந்த என் வாய் திறந்துகொண்டது. என்ன சொன்னேன் என்பதை ஒன்றுவிடாமல் எழுத வேண்டும் என்பது உன் அக்காவின் கட்டளை. பூசி மெழுகவும் வழியில்லை. மனசைத் திடப்படுத்திக்கொண்டு படி.

“எங்களுக்கு மாடியில ரூம் கட்டுறான், என் பொண்டாட்டியோட தம்பி. அங்க போய் இருக்கிறதுக்கு நான் இந்தக் குளத்துலயே குதிக்கலாம்” என்றேன். எங்கோ ‘டொய்ங்’ என்று ஒரு பாத்திரம் விழுந்தது. “விடியறதுக்குள்ள எந்திரிச்சு, மூச்சுப் பயிற்சின்னு கன்னுக்குட்டியத் தொலைச்ச மாடு மாதிரி கத்துவான்” என்றேன். டொய்ங், டொய்ங். “அப்புறம் ஒரு இலைத் தண்ணி குடுப்பான் பாருங்க, வேலியில கெடக்குறதையெல்லாம் பறிச்சுக் கொதிக்க வெச்சு, சக்கரைக்கு நல்லது, முட்டிக்கு நல்லது, முடிக்கு நல்லதுன்னு... அவன் தலையில ஒரு முடி இருக்கா?” என்றேன். அதற்குமேல் எத்தனை பாத்திரம் விழுந்தது என்று எனக்குத் தெரியாது.

இந்த இடத்தில் என் தொழிலைக் கொஞ்சம் நினைத்துப் பார், மாப்பிள்ளே. பஸ் நிலையத்தில் ஹாரன் அடிக்கும், குழந்தை அழும், சண்டை நடக்கும். சத்தம் ஏற ஏற, நானும் குரலை ஏற்ற வேண்டும். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். “என்னங்க ஊரு இது, ஒருத்தர் கையிலயும் பாத்திரம் நிக்க மாட்டேங்குதே!” என்று சொல்லிவிட்டு இன்னும் உரக்கப் பேசினேன். முடிதிருத்துபவர் கைதவறி விழுந்த மாதிரி தன் தண்ணீர்க் குவளையையே தட்டிவிட்டார். “பரவாயில்லப்பா, இந்தச் சத்தமெல்லாம் எனக்குப் பழக்கம்” என்று அவருக்கு நான் தைரியம் சொன்னேன். பாத்திரக் கடையைக் கவிழ்த்துப் போட்ட மாதிரி ஊரே அதிர்ந்தது. அத்தனையையும் மீறி, வயிற்றிலிருந்து குரல் எடுத்து, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்திச் சொன்னேன்: “எனக்கு என் வீடு போதும். அவளுக்குத்தான் தம்பி வீட்டுக்குப் போகணும்னு ஆசை. மாட்டேன்னா அழுவா. அதான் ஆகட்டும் ஆகட்டும்னு தலையாட்டிக்கிட்டு இருக்கேன்.”

சட்டென்று ஊர் அடங்கிப்போயிற்று. இனி போடுவதற்குப் பாத்திரம் மிச்சமில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியே வந்தால் எல்லாரும் என்னிடம் அளவுக்குமீறி மரியாதையாக இருந்தார்கள். “சாப்பிட்டீங்களா? வெயில் அதிகமா இருக்கா?” என்று விசாரித்தார்கள். ஒருவரும் என் கண்ணைப் பார்க்கவில்லை. டீக்கடைக்காரர் மட்டும் குவளையை நீட்டி, “தைரியமாக் குடிங்க, இது இலைத் தண்ணி இல்ல, டீதான்” என்றார். சொன்ன மறுநொடி நாக்கைக் கடித்துக்கொண்டார். கடையில் இருந்தவர்கள் அவரை முறைத்த முறைப்பில், ஊர் மானத்தையே அவர் வாங்கிவிட்டது தெரிந்தது. அப்போதுதான் அவரிடம் கேட்டு எனக்கு எல்லாம் விளங்கியது. டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

குளத்தைச் சுற்றி எதிர்க்கரைக்கு நடந்தேன். அவ்வளவு நீளமான நடையை நான் நடந்ததே இல்லை. உன் அக்கா கூடைக்கார அம்மாவின் வாசலில், மடியில் ஒரு பித்தளைச் சொம்பை வைத்துக்கொண்டு தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். சொம்பு முழுக்க நசுங்கல். கூடைக்கார அம்மா எனக்கு மட்டும் கேட்கும்படி, அதாவது ஊருக்கே கேட்கும்படி, சொன்னார்: “முதல் பாத்திரம் போட்டது உங்க வீட்டம்மாதாங்க. கடைசி வரைக்கும் எடுத்து எடுத்துப் போட்டுக்கிட்டே இருந்தாங்க.”

அதைக் கேட்டதும்தான் எனக்கு உறைத்தது, மாப்பிள்ளே. என்னைக் காப்பாற்றத்தான் அவள் போட்டிருக்கிறாள். நானோ அவளோடு போட்டி போட்டுக் கத்தியிருக்கிறேன். உன்னைப் பற்றிச் சொன்னதற்காகக்கூட நான் இவ்வளவு வருத்தப்படவில்லை, உண்மையைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

திரும்பி வரும் பஸ்ஸில் ஒரே ஒரு தடவை பேசினாள். “என் தம்பிக்கு நீங்களே எழுதுங்க. சொன்னதை ஒண்ணு விடாம எழுதுங்க.” அதோடு சரி. அந்த நசுங்கின சொம்பைக் கூடைக்கார அம்மா இவளுக்கே கொடுத்து அனுப்பிவிட்டார். இப்போது நான் வாயைத் திறந்தால் சமையலறையில் சொம்பு விழுகிறது. செய்தியைப் படித்துச் சொன்னாலும் விழுகிறது, சட்டை எங்கே என்று கேட்டாலும் விழுகிறது. நேற்று பெரிதாக ஒரு கொட்டாவி விட்டேன், அதற்கும் விழுந்தது. பக்கத்து வீட்டுக்காரர் உன் அக்காவுக்குக் கை நடுக்கம் என்று நினைத்துக்கொண்டு டாக்டர் பெயர் ஒன்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆகவே மைத்துனர் அவர்களே, நான் சொன்னதெல்லாம் தப்பு. உன் குரல் கம்பீரமான குரல். இலைத் தண்ணீர் அமிர்தம். அறை தயாரானதும் மூட்டையைக் கட்டிக்கொண்டு நானே முதலில் வந்து நிற்கிறேன். விடியற்காலையில் உன் பக்கத்தில் நின்று நானும் கத்துகிறேன். நீ மனசு வைத்து, உன் அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லி அவளை என்னோடு பேச வைத்தால் போதும். வீட்டில் ஒரு மனுஷக் குரல் இல்லாமல் இருப்பது என்னவோ போல் இருக்கிறது.

பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். வீட்டில் உன் மனைவிக்கு என் அன்பான விசாரிப்பு. உன் மூச்சு நீண்டு, உன் தலை செழித்து, நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாயால் கெட்ட உன் அத்தான்

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். கடிதத்தை ஒட்டுவதற்கு முன் உன் அக்கா எடுத்துப் படித்தாள். படித்துவிட்டு என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“யாருக்குங்க அங்க போகணும்னு ஆசை?” என்றாள். “ரிடையர் ஆனதுல இருந்து ஜன்னல்கிட்ட நின்னுக்கிட்டு, தெருவுல போற பஸ்ஸுக்கெல்லாம் அறிவிப்பு சொல்றீங்க. யாருக்கும் கேக்கலைன்னு நெனச்சீங்களா? நான் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன், கேக்காத மாதிரி. தம்பி வீட்ல ஆளுங்க இருப்பாங்க, உங்க பேச்சைக் கேக்க நாலு பேர் இருப்பாங்கன்னுதான் போலாம்னு சொன்னேன். வேண்டாம்னு என்கிட்ட சொல்றதுக்கு என்ன? முடிவெட்டுறவர்கிட்ட போய்ச் சொல்றீங்க.”

அந்த ஜன்னலை இனி எந்த முகத்தோடு பார்ப்பேன் என்று தெரியவில்லை. இன்றைக்கு மத்தியானம் அவளே ஜன்னலண்டை இரண்டு நாற்காலி போட்டிருக்கிறாள்.

ஆக, நாங்கள் வரவில்லை. மாடி அறையை வேறு யாருக்காவது விட்டுவிடு. மன்னிப்புக் கேட்டதையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் உன் இலைத் தண்ணீரைப் பற்றி உன் அக்கா சொன்னது நான் சொன்னதைவிட மோசம். போன தடவை நாங்கள் வந்திருந்தபோது உன் வீட்டு வாசலில் இருந்த ரோஜாச் செடி ஏன் பட்டுப்போயிற்று தெரியுமா? உன் அக்கா தினமும் காலையில் யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, நீ கொடுத்த அந்தக் குவளையை எடுத்துக்கொண்டு போய்

சமையலறையில் சொம்பு விழுந்துவிட்டது. நிறுத்திக்கொள்கிறேன்.