இருட்டைக் கும்பிட்டவர்

தலையாட்டிகளில் ஒரு தனி இனம் உண்டு. தொலைநோக்கியில் கண்ணை வைத்து, ஒன்றுமே தெரியாமல், "அடடா" என்று சொல்லிவிட்டு நகர்ந்துபோகிற இனம். கெட்டவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கடவுளுக்குப் பயந்தவர்கள்; பிறர் பொருளுக்கு ஆசைப்படாதவர்கள். பின்னால் ஆள் காத்திருக்கிறாரே என்ற கூச்சத்தில் மட்டும் பொய் சொல்கிறவர்கள்.

நம் தையல்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. நூலகத்து மொட்டைமாடியில் சாயங்காலம் பெரியவர்களுக்கு வானம் பார்க்கச் சொல்லித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஆண்டவன் படைப்பைக் கிட்டத்தில் பார்த்துவிடலாமே என்று சேர்ந்தார். சேர்ந்த நாளிலிருந்து வரிசையில் கடைசி ஆள் அவர்தான். "நீங்க பாருங்க, நீங்க பாருங்க" என்று எல்லோரையும் முன்னால் அனுப்பிவிட்டு, தன் முறை வந்ததும் சட்டையை இழுத்துவிட்டு, மூச்சைப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, மூடவேண்டியது அந்தக் கண் இல்லை என்று தெரிந்து மற்றதை மூடி, குனிந்து பார்த்தால் வட்டமாக ஓர் இருட்டு. ஓரத்தில் அவருடைய இமைமுடி. இதற்கா ஒருவர் கைகூப்புவார்? கூப்பினார். "என்ன படைப்பு, என்ன படைப்பு" என்று உருகவும் செய்தார்.

தொலைநோக்கிக் குழாயைத் தொடக் கூடாது என்று முதல் நாள் சொன்னதோடு சரி, அதன்பின் அந்த வகுப்பில் ஆசிரியை வாயே திறக்கமாட்டார். மாடியில் பார்த்துவிட்டுக் கீழே அறைக்கு வந்ததும் மாணவர்களில் ஒருவர் எழுந்து பேச்சை நடத்தவேண்டும். பார்த்ததைப் பலகையில் வரையவேண்டும். ஒருநாள் பார்த்தது சனி கிரகம். நடத்தவேண்டியவர் தையல்காரர்.

வரிசையில் தனக்கு முன்னால் நின்ற நர்சைப் பிடித்துக்கொண்டார். "முதல்ல நீங்க என்ன பாத்தீங்கன்னு சொல்லுங்கம்மா."

"நீங்க பாத்ததேதாண்ணே."

"நான் பாத்ததுன்னா?"

"அதேதான். அழகா இருந்துச்சே."

வேறு வழி? பலகையில் ஒரு வட்டம் போட்டார்.

"வளையம் எங்கண்ணே?" என்றார் வரிசையில் முதலில் நின்ற பஸ் டிரைவர்.

சுவரில்தான் சனியின் படம் தொங்குகிறதே, பார்த்துப் போட்டுவிட்டால் மானம் தப்பும். ஆனால் கும்பிட்ட கை, பொய் வளையம் போட மறுத்தது.

"வளையமும் தெரியல, சனியும் தெரியல தம்பி. இத்தன வாரமா இருட்டத்தான் கும்பிட்டுட்டு வந்திருக்கேன்."

சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். இனி இந்தப் படி ஏறமுடியாது என்று நினைத்தார்.

"அப்பாடா" என்றார் நர்ஸ். "எனக்கும் இருட்டுதாண்ணே."

வரிசையின் நடுவில் நின்ற பல் வைத்தியர் தொண்டையைக் கனைத்தார். "எனக்கு ஓரமா என்னமோ நழுவிப்போன மாதிரி இருந்துச்சு."

விசாரித்தால் வரிசையின் முன்பாதிதான் சனியைப் பார்த்திருந்தது. பின்பாதி பார்த்ததெல்லாம் முன்பாதியின் முகபாவத்தை.

ஆசிரியை அன்றுதான் மறுபடி வாய் திறந்தார். "யாராவது குழாய அசைச்சீங்களா?"

"தொடக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அப்ப நகர்ந்தது எது?"

பிடித்துக்கொண்டது சண்டை. சனிதான் ஓடியது என்றார் பல் வைத்தியர். நின்ற இடத்திலேயே நிற்கிற குழாய் எப்படித் தவறும் என்றார் நர்ஸ். டிரைவர்தான் முடிச்சை அவிழ்த்தார்: "பஸ் திரும்பும்போது ஜன்னல்ல தெரிஞ்ச மரம் விலகிப் போகுமில்ல? பூமி சுத்துது. குழாயும் அதோட சேந்து திரும்பிடுது."

"இத யாராவது சொல்லமாட்டீங்களான்னு வாராவாரம் காத்துக்கிட்டிருந்தேன்" என்றார் ஆசிரியை. "நீங்க எல்லாரும் அடடான்னுட்டே போனீங்க."

எல்லோரும் மறுபடி மாடி ஏறினார்கள். தையல்காரரை முன்னால் தள்ளினார்கள். ஆசிரியை அனுமதிக்க, டிரைவர் குழாயைக் குறிவைத்துக் கொடுத்தார். குனிந்தார். சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக, சுற்றிலும் வளையத்தோடு, பொன்போல ஒன்று.

"தெரியுது" என்றார்.

"நிஜமாவாண்ணே?"

"நிஜமாத்தாம்மா."

"சத்தியமா?"

பொய் சொன்ன வாரமெல்லாம் நம்பிய கூட்டம், உண்மை சொன்ன அன்றைக்குச் சத்தியம் கேட்டது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். பூமி சுற்றுவதால் சனி குழாயை விட்டு விலகியது என்று டிரைவர் சொன்ன இடத்தில் நீங்களும் தலையை ஆட்டிவிட்டுத்தானே அடுத்த வரிக்கு வந்தீர்கள்? புரிந்துதானே ஆட்டினீர்கள்?