எனக்குக் கேளாத ஐரிஷ்

பிள்ளை வளர்க்கிறதைப் பற்றி ஆராவது வாய் திறந்தால் புத்தி சொல்லாமல் என்னால் இருக்க ஏலாது. மூன்று பிள்ளைகளைப் பாரிஸ் லா சப்பலில் வைத்துத் தமிழ் கதைக்கப் பண்ணினவள் நான். (பிரெஞ்சில் தண்ணி கேட்டால் எனக்குக் காது கேளாது. தமிழில் கேட்டால் கிளாஸ் வரும்.) அந்தப் பெருமைதான் என்னை மேல்மாடி ஷோன் வீட்டில் கூனிக்குறுக வைத்தது.

ஷோன் அயர்லாந்துப் பொடியன். இங்கிலிஷ் இருந்தாலும், ஐரிஷ் என்று அவையளுக்குத் தனியாக ஒரு பாஷை இருக்குது. மகள் நீவோடு அவன் அதில்தான் கதைப்பான். அவள் பிரெஞ்சில்தான் பதில் சொல்லுவாள். அவனும் மனிசியும் வேலைக்குப் போனால் பிள்ளை 'மாமி, மாமி' என்று என்னோடு.

ஒருநாள் படியில் நின்று சொன்னான்: "மதாம், கோடைக்கு என்ரை அம்மா வாறா. பிள்ளை அவவோடை ஐரிஷில் ஒரு சொல்லாவது கதைச்சால் போதும்."

"இதுக்கோ தம்பி முகத்தைத் தொங்கப் போட்டனீர்? பிரெஞ்சில் கேட்டால் செவிடு மாதிரி இரும்," என்றேன்.

இருந்தான். கோடை வரமுந்தியே நீவ் தகப்பனோடு ஐரிஷ், தாயோடு பிரெஞ்சு, என்னோடும் என்னைப்போலத் தலை நரைத்த என் சிநேகிதிமாரோடும் தமிழ். என்னிடம் ஐரிஷில் கேட்டாலும் நான் செவிடுதான். சட்டம் என்றால் சட்டம். அந்த நாளில் நான் ரூ பெர்தொனே தெருவில் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேணும்!

ஷோனின் தாய் வந்தா. வெள்ளைத் தலை, கையில் பேத்திக்கென்று தானே பின்னின கம்பளிச் சட்டை. நான் வடை சுட்டுக்கொண்டு போனேன் (பாராட்டு வாங்கத்தான்). அவ குனிந்து பிள்ளையிடம் ஐரிஷில் மெதுவாக என்னவோ கேட்டா.

நீவ் அவவை ஏற இறங்கப் பார்த்தாள். "வாங்கோ. சாப்பிட்டிட்டியளோ?" என்றாள், தமிழில்.

அவ திரும்பவும் கேட்டா. பிள்ளை காதில் கையை வைத்து, "கேக்கேல்லை" என்று தலையாட்டினாள். அச்சொட்டாக என் தலையாட்டல்!

ஷோன் மகளிடம் ஏன் என்று கேட்டான். அவனுக்கு மட்டும் அவள் ஐரிஷில் கடகடவென்று பதில் சொன்னாள். அவன் சிவந்துபோய் எனக்குப் பிரெஞ்சில் சொன்னான்: "தலை நரைச்ச பொம்பிளையளுக்கு ஐரிஷ் கேளாதாம், மதாம். மாமிக்குக் கேக்கிறேல்லையாம்."

தாய் கம்பளிச் சட்டையை மடியில் வைத்து மடித்தா, விரித்தா, திரும்பவும் மடித்தா. நிலம் பிளந்தால் நான் இறங்கிக் கீழ்மாடிக்கே போயிருப்பேன்.

ஐரிஷில் தண்ணிக்கு 'இஷ்க'. நீவ் என்னிடம் கெஞ்சிக் கெஞ்சிக் கேட்டும் எனக்குக் கேளாத சொல். நான் ஷோனின் தாயைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்க, "இஷ்க!" என்றேன்.

அவ கண்ணை விரித்து, கிளாஸில் தண்ணி வார்த்துத் தந்தா.

"மாமி! உங்களுக்குக் கேக்குமோ?" நீவின் வாய் மூடவில்லை.

"கேக்கும், ராசாத்தி. முதலே கேட்டது."

பிள்ளை கொஞ்சநேரம் என்னை முறைத்தாள். பிறகு போய் அப்பம்மாவின் முழங்காலில் சாய்ந்துகொண்டு, ஐரிஷில் நீளமாக என்னவோ சொன்னாள். என்னைப் பற்றிய முறைப்பாடாகத்தான் இருக்கும். அவ சிரித்துச் சிரித்து அழுதா. அந்த வெக்கையிலும் பிள்ளைக்குக் கம்பளிச் சட்டையைப் போட்டுவிட்டா.

வீட்டில் இதைச் சொன்னபோது என் மூத்தவன் சாப்பாட்டை விட்டு நிமிர்ந்தான். "அப்ப அம்மா, நாங்கள் பிரெஞ்சிலை தண்ணி கேட்டதும் உங்களுக்குக் கேட்டதோ?"

நான் கேளாத மாதிரி இருந்துவிட்டேன்.

இப்பவும் நான் எதையாவது கேளாத மாதிரி இருந்தால் மூத்தவன் ஒரு கிளாஸ் தண்ணியைக் கொண்டுவந்து முன்னால் வைப்பான். "இஷ்க, அம்மா." உடனே கேட்டுவிடும்.